சபா ஆபீஸ் ரூம் வரை ஒரு எட்டு!

மார்கழியில் மயிலாப்பூர்ப் பக்கம் எந்தச் சபாவுக்குள் நுழைந்தாலும் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி மேடையைப் பார்த்து ஓடும், மறுபாதி கான்டீனைப் பார்த்து. நான் உங்களை மூன்றாவதாக ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகிறேன். டிக்கெட் கவுன்டருக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு, பாதி திறந்தபடி இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஒரு இரும்பு பீரோ. மேஜைமேல் ரசீதுப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சர்கள், சாயங்காலம் பாடப் போகிறவர்களின் பெயர் எழுதிய கவர்கள். சுவரில் பழைய செயலாளர்களின் படங்கள். அதுதான் சபாவின் ஆபீஸ் ரூம். சீசனிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. வாருங்கள், உள்ளே நடப்பதையெல்லாம் சொல்கிறேன்!

முதலில் ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். டிக்கெட் விற்ற காசில் கச்சேரி நடப்பதில்லை.

நம்ப முடியவில்லையா? கணக்குப் போட்டே பார்க்கலாம். நண்பகல் கச்சேரி இலவசம். பிற்பகல் இரண்டு மணிக் கச்சேரியும் பெரும்பாலும் இலவசம். நாலு மணிக்கு மேல்தான் டிக்கெட். 300 பேர் உட்காரும் அரங்கு, சராசரி டிக்கெட் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாற்காலிகூடக் காலி இல்லாமல் நிரம்பினால் 60,000 ரூபாய். ஆனால் முன்வரிசை புரவலர்களுக்கு, அடுத்த சில வரிசைகள் உறுப்பினர்களுக்கு, ஸ்பான்சர் கம்பெனிக்கு ஒரு கட்டுப் பாஸ். மிச்ச நாற்காலிகளைத்தான் கவுன்டரில் விற்க முடியும். அந்தப் பணத்துக்குள் பாட்டு, வயலின், மிருதங்கம், கடமோ கஞ்சிராவோ, தம்புரா, மைக் செட், விளக்கு, மேடை அலங்காரம், அச்சுச் செலவு, கரண்ட் பில், துப்புரவு எல்லாம் அடங்க வேண்டும். சொந்த அரங்கம் இல்லாத சபாவுக்கு வாடகை வேறு. பகலில் இலவசமாகப் பாடும் இளம் கலைஞருக்கான அரங்கச் செலவும் இந்தச் சாயங்கால வசூலின் தலையில்தான்.

விலையை ஏற்றினால் என்ன என்கிறீர்களா? ஏற்றலாம்தான். ஆனால் இசை நிகழ்ச்சிக்கு ஒரு டிக்கெட் 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது. அதைத் தாண்டினால் வரி வந்து உட்கார்ந்துகொள்ளும். பல சபாக்களின் கட்டணப் பலகை 500 என்ற எண்ணருகே வந்து தயங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. கலைஞருக்கும் இப்படி ஒரு கோடு உண்டு. சாஸ்திரிய இசை, நாட்டியம், நாட்டுப்புறக் கலை நிகழ்த்துபவர் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் தொகை ஒன்றரை லட்சத்துக்குள் இருந்தால் அதற்கு ஜிஎஸ்டி விலக்கு. தோடி ஆலாபனையில் நாம் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் நேரத்தில், பக்கத்து அறையில் ஒருவர் இந்த எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்!

அப்படியானால் பணம் எங்கிருந்துதான் வருகிறது? மேடையின் பின்திரையில் தொங்கும் பேனரைப் பாருங்கள். நகைக்கடை, பட்டுக்கடை, வங்கி, சிமென்ட் கம்பெனி. சீசன் மலரைப் புரட்டுங்கள், பாதிப் பக்கம் விளம்பரம். கான்டீனை ஒப்பந்தத்துக்கு விடுவதில் கொஞ்சம் வரும். கான்டீன் வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்து, அத்தனை லாபமும் சபாவுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். தோசையின் லாபம் சமையல்காரருடையது. சொந்த அரங்கம் உள்ள சபாவுக்கு மற்றப் பத்து மாதங்களில் அரங்கேற்றம், புத்தக வெளியீடு, பள்ளி ஆண்டு விழா என்று வாடகை வரும். பிறகு நன்கொடை. பிறகு பீரோ. அந்தப் பீரோவுக்குள் இருப்பதைக் காட்டத்தான் உங்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன். கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன் பழைய கதை ஒன்று இருக்கிறது.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதை ஒட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் கூடியது. அங்கே பிறந்த யோசனைதான் மியூசிக் அகாடமி. 1928 ஆகஸ்ட் 18 அன்று எஸ்பிளனேடு ஒய்எம்சிஏ அரங்கில் சர் சி.பி. ராமசுவாமி ஐயர் அதைத் தொடங்கிவைத்தார். இன்று டி.டி.கே. சாலை முனையில் நிற்கும் அந்தப் பெரிய கட்டடம் எப்போது வந்தது தெரியுமா? நேரு அடிக்கல் நாட்டியது 1955இல். மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் திறந்துவைத்தது 1962இல். முப்பத்துநாலு வருடம்! அத்தனை காலமும் இடம் மாறி இடம் மாறிக் கச்சேரி நடத்திக்கொண்டே கட்டடத்துக்கும் காசு சேர்த்திருக்கிறார்கள். நாரத கான சபா 1958இல் தொடங்கியது. சொந்த அரங்கம் எழுந்தது 1988இல். அங்கேயும் முப்பது வருடம். கணக்கு நோட்டில் ஒரு தலைமுறை முழுவதும் 'கட்டட நிதி' என்ற ஒரே தலைப்பின் கீழ் வரவு வைத்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது.

தி.நகரில் இன்னொரு விதம். ஜி.என். செட்டி சாலையின் வாணி மகால், நடிகர் சித்தூர் வி. நாகையா முன்னின்று உருவாக்கியது. சினிமாவில் சம்பாதித்தது சங்கீதத்துக்குக் கூரையாயிற்று. அடையாறில் மற்றொரு விதம். 1990இல் தொடங்கிய ஹம்சத்வனி, இந்திரா நகர் யூத் ஹாஸ்டல் வளாகத்தின் திறந்தவெளியில் கச்சேரிகளை நடத்திப் பெயர் வாங்கியது. கட்டடம் எழுப்பியே தீர வேண்டும் என்று எல்லாச் சபாவும் தலையில் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

எம்.எஸ். சுப்புலட்சுமியை இந்த இடத்தில் சொல்லாமல் போனால் பாவம் வரும். 1974இல் அவருக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. எந்தப் பிரிவில் என்று பாருங்கள்: பொதுச் சேவை! பல பத்தாண்டுகளாகப் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அறக்கட்டளைக்கும் அவர் பாடிக் கொடுத்த நிதிக் கச்சேரிகளுக்குக் கிடைத்த மரியாதை அது. கஸ்தூர்பா நினைவு நிதிக்காக 1944இல் பாடியவர் அவர். ஒரு குரல் பல நிறுவனங்களின் ஐந்தொகையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது.

ஐம்பது அறுபதுகளில் சபாவுக்குச் சோறு போட்டது யார் என்றால், நாடகம். ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யுஏஏ நாடகக் குழு 1952இல் தொடங்கியது. பிறகு கே. பாலசந்தர், சோ, மௌலி, காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் என்று வரிசையாக வந்தார்கள். குடும்பத்தோடு சபா உறுப்பினர் ஆகிவிட்டால் மாதம் ஒன்றிரண்டு நாடகம், நடுவே ஒரு கச்சேரி. நாடகத்துக்காகச் சேர்ந்தவர்களின் சந்தா, காலியான கச்சேரி இருக்கைகளின் செலவையும் சுமந்தது. 1975இல் சென்னைத் தூர்தர்ஷன் வந்தது. பிறகு தொடர்கள் வந்தன. வீட்டுக் கூடத்திலேயே நாடகம் நடக்க ஆரம்பித்தது. உறுப்பினர் பட்டியல் மெலிந்தது. வருடா வருடம் தவறாமல் வந்த சந்தா போய், வருடா வருடம் கேட்டு வாங்க வேண்டிய ஸ்பான்சர் பணம் அந்த இடத்துக்கு வந்தது. சபாக்களின் நிதி வரலாற்றில் ஆகப் பெரிய திருப்பம் இதுதான் என்பேன்.

சரி, இப்போது பீரோவைத் திறக்கலாம்!

உள்ளே கட்டுக்கட்டாகப் பணம் இருக்காது. வங்கி டெபாசிட் ரசீதுகள் இருக்கும். சபாக்காரர்கள் அதைக் கார்பஸ் என்பார்கள். அதன் வட்டியைத் தொடலாம், முதலைத் தொடக் கூடாது. கார்பஸிலும் எனக்கு உயிரானது அறக்கட்டளைப் பரிசுகள், அதாவது எண்டோமெண்ட். தன் தாயார் பெயரில் ஒருவர் ஒரு லட்சம் கொடுப்பார். அதன் வட்டியில் வருடந்தோறும் சிறந்த இளம் வயலின் கலைஞருக்குப் பரிசு தர வேண்டும் என்று எழுதிக்கொடுப்பார். அகாடமியில் ஜனவரி முதல் தேதி நடக்கும் சதஸ் என்னும் விருது விழாவில் பெயர் பெயராக வாசிக்கப்படும் பரிசுகளைக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் பாசம், ஒரு டெபாசிட் ரசீது. சமையலறையில் பாடிக்கொண்டே இருந்து, மேடை ஏறாமலே போய்விட்ட ஒரு பாட்டியின் பெயர், வருடா வருடம் ஒரு இருபது வயதுப் பெண்ணின் கையில் பரிசாகப் போய்ச் சேர முடிகிறது. இதைவிட அழகான ஏற்பாட்டை நான் எந்தக் கணக்கிலும் பார்த்ததில்லை!

ஆனால் அந்த ரசீதுகளுக்குக் காய்ச்சல் வந்த கதையையும் கேளுங்கள். 1990களின் நடுவில் வங்கிகள் டெபாசிட்டுக்கு 12 சதவீதம் வரைகூட வட்டி தந்தன. ஒரு லட்சத்துக்கு வருடம் 12,000 ரூபாய். பரிசுத் தொகை, சால்வை, மாலை, கலைஞருக்கான சன்மானம் எல்லாம் அதில் கௌரவமாக முடியும். 2020-21இல் வட்டி ஐந்து, ஐந்தரைக்கு இறங்கியது. அதே லட்சத்துக்கு அப்போது ஐந்தாயிரத்துச் சொச்சம். முதல் அப்படியே இருக்கிறது, ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனால் விலைவாசி பல மடங்கு ஏறிவிட்டது. மாலையும் சால்வையும் வாங்கிய பிறகு பரிசுக்கு என்ன மிஞ்சும்?

இதற்கு வழி உண்டு. வட்டி முழுவதையும் செலவழிக்காமல் ஒரு பங்கை மறுபடியும் முதலோடு சேர்த்துவிட வேண்டும். ஒரு கோடி கார்பஸ், 7 சதவீத வட்டி என்றால் வருடம் ஏழு லட்சம். விலைவாசி 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், அந்த ஒரு கோடி அடுத்த வருடமும் ஒரு கோடியின் வேலையைச் செய்ய ஐந்து லட்சத்தைத் திருப்பி உள்ளே போட வேண்டும். உண்மையில் செலவழிக்கக் கிடைப்பது இரண்டு லட்சம்தான். ஏழு லட்சத்தையும் கச்சேரிக்குச் செலவழித்துவிட்டு 'முதலைத் தொடவில்லை' என்று நிம்மதியாக இருக்கும் நிர்வாகக் குழு, தன்னையறியாமல் முதலைத்தான் கரைத்துக்கொண்டிருக்கிறது.

இங்கே வருமான வரிச் சட்டம் குறுக்கே வரும். வரி விலக்கு பெற்ற அறநிறுவனம் தன் வருட வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருடமே தன் நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். கேள்வி கேட்பாரின்றிச் சேர்த்துவைக்கக் கிடைப்பது 15 சதவீதம். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால், இன்ன காரியத்துக்கு என்று குறிப்பிட்டு எழுதிக்கொடுத்து, ஐந்து வருடத்துக்குள் அதற்கே செலவழிக்க வேண்டும். மேடைத் தளம் மாற்ற, குளிர்சாதனம் போட என்று சேர்ப்பது இந்த வழியில்தான். இந்தச் சட்டத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. வரிச் சலுகை வாங்கிப் பணத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நியாயம்தானே. கெட்டிக்காரப் பொருளாளர் என்ன செய்வார் தெரியுமா? அந்த 15 சதவீதம் வட்டிக்கு மட்டுமல்ல, டிக்கெட், விளம்பரம், பொது நன்கொடை எல்லாம் சேர்ந்த வருமானத்துக்கும் பொருந்தும். மொத்த வருமானம் ஐம்பது லட்சம் என்றால் ஏழரை லட்சம் ஒதுக்கலாம். அதை வருடம் தவறாமல் ஒதுக்கிப் பீரோவுக்குள் தள்ளிக்கொண்டே இருப்பார். மார்ச் மாதத்தில் ஆடிட்டரின் எதிரே உட்கார்ந்து அவர் போராடுவது இதற்காகத்தான்.

கார்பஸுக்கு வரும் நன்கொடைக்கு ஒரு மந்திரச் சொல் வேண்டும். கொடுப்பவர் 'இது கார்பஸ் நிதிக்கு' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால் அது முதலோடு சேரும், அனுமதிக்கப்பட்ட முதலீடுகளில் தனியாக நிற்கும். எழுதாவிட்டால் அது அந்த வருட வருமானம். ஒரே செக், ஒரே தொகை. கூட வைக்கும் ஒரு வரிக் கடிதத்தில் அதன் ஆயுள் மாறிவிடுகிறது!

இந்தப் பீரோவின் அருமை எப்போது தெரிந்தது? 2020 மார்ச்சில். அரங்குகள் பூட்டப்பட்டன. டிக்கெட் இல்லை, வாடகை இல்லை, கான்டீன் இல்லை, பேனர் இல்லை. காவலாளிக்கும் அலுவலக ஊழியருக்கும் சம்பளம் மட்டும் மாதா மாதம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த டிசம்பரில் சென்னை சும்மா இருக்கவில்லை. மியூசிக் அகாடமி இணையத்தில் விழா நடத்தியது. நகரச் சபாக்களின் கூட்டமைப்பு 'யுவர்ஸ் ட்ரூலி மார்கழி' என்ற பெயரில் கச்சேரிகளைப் பதிவு செய்து ஒளிபரப்பியது. வெளிநாட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு இது திருவிழா. ஆபீஸ் ரூமில் இருந்தவர்களுக்கு, பழைய செயலாளர்கள் சேர்த்துவைத்ததன் பெருமை புரிந்த வருடம்.

உலகத்தின் பெரிய அரங்குகளே இந்த இடத்தில் தடுமாறியிருக்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆபெராவை எடுத்துக்கொள்ளுங்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு கூட்டம் பழையபடி திரும்பவில்லை. 2022 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் வந்த அறிவிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், தன் நிரந்தர நிதியிலிருந்து ஏறக்குறைய ஏழு கோடி டாலரை, அதாவது மூன்றில் ஒரு பங்கை, அன்றாடச் செலவுக்கு எடுத்துவிட்டது. அவ்வளவு பெரிய சபாவுக்கே அந்த நிலை. நம் சுந்தரேஸ்வரர் தெருவிலும் முசிரி சுப்பிரமணியம் சாலையிலும் மகாராஜபுரம் சந்தானம் சாலையிலும் சபாக்கள் வருடா வருடம் கதவு திறப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். 1953இல் தொடங்கிய கிருஷ்ண கான சபாவைப் பாருங்கள். மார்கழி ஒன்றையே நம்பாமல் கோகுலாஷ்டமி விழாவையும் வளர்த்தது, 1981 முதல் நாட்டிய கலா மாநாட்டையும் சேர்த்துக்கொண்டது. வருடம் முழுக்க ரசிகர் வந்துபோகும் அரங்கில் வரவும் வருடம் முழுக்கப் பரவும்.

இனி நான் இவ்வளவு ஆசையாக இந்த அறையைச் சுற்றிக்காட்டியதன் காரணத்துக்கு வருகிறேன். சேமிப்பு இருக்கும் சபாவால் 'முடியாது' என்று சொல்ல முடியும். பணம் கொடுத்து மேடை ஏறுவது பற்றிச் சபா வட்டாரத்தில் பல வருடங்களாகப் பேச்சு உண்டு. ஒரு நிர்வாகக் குழு அந்த ஆசைக்கு இடம் கொடுக்குமா கொடுக்காதா என்பதை அவர்களுடைய குணம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஏப்ரல் மாதக் கரண்ட் பில்லைக் கட்டக் கையில் காசு இருக்கிறதா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஒரு வருடச் செலவுக்கான பணம் தனியாக இருந்தால், ஸ்பான்சர் சொல்லும் பெயரை மறுக்கலாம். கூட்டம் வராது என்று தெரிந்தும் ஒரு பெரிய வீணை வித்துவானுக்குச் சாயங்கால நேரம் கொடுக்கலாம். பெயர் தெரியாத நாகஸ்வரக் குழுவைத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அழைத்து, போக்குவரத்தும் தங்குமிடமும் கொடுத்துக் கௌரவிக்கலாம். நல்ல ரசனைக்குக் காவல் அந்த டெபாசிட் ரசீதுதான். இதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

ஆகவே உங்களிடம் ஒரு விண்ணப்பம். இந்த சீசனில் உங்களுக்குப் பிடித்த சபாவில் உறுப்பினராகச் சேருங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் தூக்கிப் போடாமல் போய் உட்காருங்கள். தணிக்கையான கணக்கை அங்கே வைப்பார்கள். கார்பஸ் எவ்வளவு, போன வருடத்தைவிட ஏறியதா இறங்கியதா என்று அன்பாகக் கேளுங்கள். கொடுக்க மனம் வந்தால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், அதற்கு நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடைக்காது. செக்காகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். கூடவே, 'கார்பஸ் நிதிக்கு' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தச் சின்னக் கதவுக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.